கணிப்பொறியின் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள்!

"நெட் இல்லை, சார்!"

பள்ளிக் கணிப்பொறி அறைகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. தீர்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதைச் சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆசிரியர் கணிப்பொறியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார். அப்படியும் வரவில்லையென்றால் வேறு பாடம் தொடங்கும். காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளியாக இருந்தால், பழுது பார்ப்பவர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும்வரை அந்த அறைக்கு விடுமுறைதான். அவர் வந்து, மேசைக்கடியில் எலி கடித்த கம்பியைக் காட்டிவிட்டு, வந்ததற்கும் போவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவார்.

"நெட் இல்லை" என்பதற்கு என்ன பொருள்? கம்பி கழன்றிருக்கலாம். கம்பி சரியாயிருந்து அதன் உள்ளே ஓர் இழை அறுந்திருக்கலாம். கணிப்பொறிக்கு முகவரி கிடைக்காமல் போயிருக்கலாம். அறையின் மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ரூட்டர் பெட்டி உறங்கியிருக்கலாம். எல்லாம் ஒழுங்காயிருந்து, ஊருக்கு வெளியே எங்கோ கண்ணாடி இழை வெட்டுப்பட்டிருக்கலாம். ஐந்தும் ஐந்து வேறு நோய்கள், மருந்தும் வேறு. "உடம்பு சரியில்லை" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவோமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், கோளாறு எங்கே என்று அந்தக் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் தெரியும். கேட்டால் சொல்லவும் செய்யும். நாம்தான் கேட்பதில்லை. கேட்கும் முறையை நம் மாணவர்களுக்கு யாரும் கற்பிப்பதுமில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்லுமுன், கணிப்பொறி எப்படிச் சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அதுவே சுவையான கதை.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். இதன் மையத்தில் கெர்னல் என்றொரு நிரல் இருக்கிறது. கெர்னல் என்றால் பருப்பு. தேங்காய்க்குள் இருக்கும் பருப்பைப்போல உள்ளே மறைந்திருப்பதால் இந்தப் பெயர். நீங்கள் பார்க்கும் திரை, சின்னங்கள், உலாவி எல்லாம் மேலே இருக்கும் ஓடு. வன்தட்டு, விசைப்பலகை, வலையட்டை ஆகிய கருவிகளைத் தொட்டு வேலை வாங்கும் அதிகாரம் கெர்னலுக்கு மட்டுமே உண்டு. வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால், அது சிறுசிறு பொட்டலங்களாகக் கம்பி வழியே வலையட்டையை அடைகிறது. அங்கிருந்து பொட்டலத்தை வாங்குவது, முகவரியைச் சரிபார்ப்பது, உரிய நிரலிடம் கொடுப்பது யாவும் கெர்னலின் வேலை. ஒவ்வொரு பொட்டலமும் அதன் கைக்குள் புகுந்துதான் போகவேண்டும். ஆகவே எத்தனை வந்தன, எத்தனை போயின, எத்தனை கெட்டுப்போயின என்ற கணக்கும் அதன் கையில்தான்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கடை வைத்த நகரத்தார், அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றி, ஐந்தொகை கட்டி வைத்தார்கள். முதலாளி ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும், கணக்கைப் பார்த்தால் கடையின் நாடி தெரிந்துவிடும். கடையில் வேலைக்குச் சேரும் சிறுவனும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கிக் கணக்குப் படித்துத்தான் மேலே வந்தான். கெர்னலும் இத்தகைய ஒரு கணக்குப்பிள்ளை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இந்தக் கணக்குப்பிள்ளை எதையும் ஏட்டில் எழுதிவைப்பதில்லை. எல்லாம் மனக்கணக்கு! யாராவது வந்து "பேரேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டால், அந்த நொடியில் ஓர் ஏட்டை எழுதி நீட்டுகிறார். நீங்கள் படித்து முடித்ததும் ஏடு மறைந்துவிடுகிறது.

அந்த மாய ஏடுகள்தாம் 'மெய்நிகர் கோப்புகள்'. லினக்ஸில் '/ப்ராக்' என்றோர் அடைவு உண்டு (தட்டச்சு செய்யும்போது பி, ஆர், ஓ, சி என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகள்). அதனுள்ளே 'நெட்' என்றோர் அடைவு. அதனுள்ளே 'டெவ்', 'ரூட்', 'ஆர்ப்', 'டிசிபி' என்று பல கோப்புகள். இவற்றின் பட்டியலை எடுத்து அளவைப் பார்த்தால் எல்லாம் 0 பைட்டு என்று காட்டும். வெற்றுக் கோப்புகளோ என்று நினைத்துத் திறந்தால், உள்ளே பத்தி பத்தியாக எண்கள்! வன்தட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வன்தட்டைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டித் தேடினாலும் அகப்படாது. நீங்கள் கோப்பைத் திறந்து படிக்கும்போது கெர்னலுக்குள் அதற்கென்று உள்ள ஒரு சிறு நிரற்பகுதி ஓடுகிறது; தன் நினைவகத்திலுள்ள எண்ணிக்கைகளைச் சேகரித்து, எழுத்தாக மாற்றி, கோப்பு போல வேடமிட்டு அனுப்புகிறது. ஐந்து நொடி கழித்து மீண்டும் திறந்தால் எண்கள் மாறியிருக்கும்.

இந்த எண்ணம் லினக்ஸுக்கு முந்தியது. யூனிக்ஸில் 'எல்லாமே கோப்புதான்' என்று ஒரு பழங்கொள்கை உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாம் கில்லியன் என்பவர் அந்தக் கொள்கையை ஒருபடி மேலே கொண்டுபோய், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையே கோப்புகளாகக் காட்டும் முறையை 1984-இல் விளக்கினார். 'ப்ராக்' என்ற பெயர் 'ப்ராசஸ்' என்பதன் சுருக்கம். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இதை எடுத்துக்கொண்டு நிரல்களோடு நில்லாமல் வலையமைப்பு, நினைவகம் என்று எல்லாக் கணக்கையும் அதே கூரையின்கீழ் வைத்துவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தார் பின்னர் உருவாக்கிய 'பிளான் 9' இன்னும் தீவிரம்: அதில் ஓர் இணைப்பை ஏற்படுத்துவதே கோப்பில் எழுதுவதன் மூலம்தான்! அழகான ஏற்பாடு, ஆனால் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சரி, பேரேட்டைத் திறப்போமா? டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் 'கேட்' என்று அடித்து, இடம் விட்டு, '/ப்ராக்/நெட்/டெவ்' என்று அடியுங்கள். ('கேட்' என்றால் பூனை அன்று, 'கான்கேட்டினேட்', அதாவது தொடுத்துக் காட்டு என்பதன் சுருக்கம்.) முதல் இரண்டு வரிகள் தலைப்பு. அதன்பின் ஒவ்வொரு வலை இடைமுகத்துக்கும் ஒரு வரி. 'லோ' என்பது கணிப்பொறி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் வழி. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடுத்த வரி உங்கள் வலையட்டை. இடப்பக்கம் எட்டு எண்கள் வரவு, வலப்பக்கம் எட்டு எண்கள் செலவு. வரவில் முதல் எண், கணிப்பொறி இயங்கத் தொடங்கியதிலிருந்து வந்த மொத்த பைட்டுகள். இரண்டாவது, பொட்டலங்களின் எண்ணிக்கை. மூன்றாவது பிழையானவை. நான்காவது, வந்தும் கெர்னல் கைவிட்டவை.

மொத்தத்தைக் கொண்டு வேகத்தை எப்படி அறிவது? மின்சார மீட்டரில் மாதக் கணக்கை எப்படி எடுக்கிறார்களோ அப்படித்தான். ஒருமுறை படிக்கிறீர்கள்: 48,21,350 பைட்டுகள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நொடி கழித்து மீண்டும் படிக்கிறீர்கள்: 60,71,350. வித்தியாசம் 12,50,000. பத்தால் வகுத்தால் நொடிக்கு 1,25,000 பைட்டுகள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள் ஆகையால் நொடிக்கு 10,00,000 பிட்டுகள்; அதாவது ஒரு மெகாபிட். விளம்பரத்தில் நூறு மெகாபிட் என்று சொன்னவரிடம் பேசுவதற்கு இப்போது உங்கள் கையில் ஓர் எண் இருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். அந்தப் பத்து நொடியில் நீங்கள் எதையும் இறக்காமல் சும்மா இருந்திருந்தால் எண் குறைவாகத்தான் வரும். அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்லக்கூடாது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே அளக்கவேண்டும்.

செலவுப் பக்கத்தில் 'கால்ஸ்' என்றொரு பத்தியைக் காண்பீர்கள். மோதல்கள் என்று பொருள். பல கணிப்பொறிகள் ஒரே தடித்த கம்பியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதறும். அந்தக் கணக்கு இது. இன்று ஒவ்வொரு கணிப்பொறியும் சுவிட்சுக்குத் தனிக் கம்பி போட்டுக்கொண்டபின் இந்த எண் ஏறக்குறைய எப்போதும் 0. ஆயினும் பத்தியை எடுத்துவிடவில்லை. அப்பத்தா காலத்து அறை பூட்டிக் கிடந்தாலும் வீட்டை இடிக்க மனம் வராததுபோல!

இனி, நோயறியும் பகுதிக்கு வருவோம். 'நெட் இல்லை' என்றதும், உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கட்டாகக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாகப் பின்வாசல்வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அல்லவா? எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். அதே முறைதான்.

முதற் கதவு கம்பி. இதற்கு '/சிஸ்' என்ற இன்னொரு மாய அடைவு இருக்கிறது. 2003-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6 முதல் உள்ளது. அதில் 'கிளாஸ்', 'நெட்' என்று உள்ளே போய் வலையட்டையின் பெயரைத் திறந்தால் 'கேரியர்' என்றொரு கோப்பு. உள்ளே ஒரே ஓர் எண்தான். 1 என்றால் மறுமுனையிலிருந்து மின்துடிப்பு வருகிறது. 0 என்றால் இல்லை: கம்பி கழன்றிருக்கிறது, அறுந்திருக்கிறது, அல்லது மறுமுனைப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. எலியின் திருவிளையாடலை இந்த ஓர் எண் காட்டிவிடும். மதுரைக்குப் போன் போடுமுன் மேசைக்கடியில் குனிந்து பார்க்கலாம்.

கேரியர் 1, ஆனாலும் எல்லாம் ஆமை வேகம் என்றால் 'டெவ்' கோப்பின் பிழைப் பத்தியைப் பாருங்கள். மொத்தப் பிழை எத்தனை என்பது பெரிதல்ல. நாட்கணக்கில் ஓடிய கணிப்பொறியில் சில பிழைகள் சேர்ந்திருக்கும். ஒரு நிமிடத்தில் அது ஏறுகிறதா என்பதே கேள்வி. ஏறிக்கொண்டேயிருந்தால் கம்பியோ முனைப்பொருத்தியோ பழுது. பொட்டலங்கள் வழியில் சிதைந்து வருகின்றன. புதுக்கம்பி மாட்டிப் பார்த்து, எண் நின்றுவிட்டதா என்று சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்று இயற்பியல் செய்முறையில் சொல்லித் தந்திருப்பார்களே, அது இங்கேயும் பொருந்தும்.

அடுத்த கதவு 'ரூட்'. வெளியூர்ப் பொட்டலங்களை யாரிடம் கொடுப்பது என்ற விவரம் இதில் இருக்கிறது. திறந்தால் 'கேட்வே' என்ற பத்தியில் 0101ஏ8சி0 என்பதுபோல ஏதோ மந்திரம் தெரியும். பயப்படவேண்டாம். இது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண். ஏ என்றால் 10, சி என்றால் 12, எஃப் என்றால் 15. இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 01, 01, ஏ8, சி0. இனிப் பின்னாலிருந்து படியுங்கள். சி0 என்பது 12×16 + 0 = 192. ஏ8 என்பது 10×16 + 8 = 168. பிறகு 1, 1. ஆக 192.168.1.1. உங்கள் ரூட்டரின் முகவரி! பின்னாலிருந்து படிக்கவேண்டியது ஏன்? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலிகள் எண்ணின் கடைசிப் பகுதியை முதலில் வைப்பவை. கெர்னல் அந்த நினைவகப் பகுதியை அப்படியே ஓர் எண்ணாகப் பாவித்து அச்சிட்டுவிடுகிறது. அழகுபடுத்தும் வேலையை அது தலையில் போட்டுக்கொள்ளவில்லை. மாணவர்களுக்கு இது நல்லதே என்பேன். எண்முறை மாற்றத்தை வெறும் தேர்வுக்கணக்காகப் படித்தவர்களுக்கு, அது எங்கே வாழ்கிறது என்று இங்கே தெரிகிறது.

ரூட்டரின் முகவரி தெரிந்தது. ரூட்டர் உயிரோடு இருக்கிறதா? அதற்கு 'ஆர்ப்'. நகரத்தார் வணிகத்தில் தந்தை, பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'விலாசம்' என்று வைத்துக்கொள்வார்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் விலாசம் மாறாது. வலையட்டைக்கும் இத்தகைய விலாசம் உண்டு. தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்பியது, ஆறு பைட்டு நீளம். 192.168.1.1 என்பது இன்று தங்கியிருக்கும் தெரு முகவரி. தெரு முகவரி தெரிந்தாலும் பொட்டலத்தைக் கையில் கொடுக்க விலாசம் வேண்டும். எனவே கணிப்பொறி "192.168.1.1 யாருடையது?" என்று எல்லாரும் கேட்கக் கூவுகிறது. உரியவர் தம் விலாசத்தைச் சொல்கிறார். அந்தப் பதில்கள் 'ஆர்ப்' கோப்பில் உள்ளன. விலாசம் இருக்கவேண்டிய இடத்தில் 00:00:00:00:00:00 என்றும், அடையாளப் பத்தியில் வெறும் சுழியம் என்றும் இருந்தால், கூவியும் பதில் வரவில்லை என்று பொருள். ரூட்டர் உறங்குகிறது! அதன் மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்க்கலாம். விலாசம் இருந்தும் வெளியுலகம் வரவில்லையென்றால், உங்கள் வீட்டுக் கதவெல்லாம் திறந்துதான் இருக்கிறது. தடங்கல் பெரும்பாலும் தெருவுக்கு அப்பால். அப்போது இணைப்பு தருபவருக்குப் போன் செய்யுங்கள், "ரூட்டர்வரை சரியாக இருக்கிறது" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பேச்சின் தன்மையே மாறிவிடும்.

கம்பியில்லா வைஃபை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. பல கணிப்பொறிகளில் '/ப்ராக்/நெட்'டில் 'வயர்லெஸ்' என்றொரு கோப்பு இருக்கும். அதில் அலையின் வலிமை -45, -70 என்பதுபோல இருக்கும். இது பெரும்பாலும் டெசிபெல் கணக்கு: பத்து குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. ரூட்டரை முகப்பில் வைத்துவிட்டு, மடிக்கணினியை ஏந்திக்கொண்டு ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் அடுப்படிவரை நடந்து பாருங்கள். தடித்த சுவர் ஒவ்வொன்றையும் தாண்டும்போது எண் இறங்கும். -45 இருந்தது -75 ஆனால் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு! வீட்டின் வரைபடத்தில் இந்த எண்களைக் குறித்தால் நல்லதொரு அறிவியல் கண்காட்சிப் படம் கிடைக்கும்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

மேலே சொன்ன எதற்கும் விலை கொடுத்து ஒரு கருவியும் வாங்கவேண்டியதில்லை. தேவையானவை ஒரு லினக்ஸ் கணிப்பொறி, பதினாறடிமான எண்கள், கழித்தல், வகுத்தல். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இவை எட்டாத பொருள்களும் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. எத்தனை மடிக்கணினிகளில் அந்த இரண்டாம் கதவு ஒருமுறையாவது திறக்கப்பட்டது? உங்கள் அக்கா அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு லினக்ஸுக்கு இடம் கொடுத்திருந்தார்கள், பாராட்டவேண்டிய செயல். ஆனால் அங்கே பாடம் திரையிலுள்ள சின்னங்களோடு நின்றுவிட்டது. இந்தச் சின்னத்தை அழுத்தினால் இது திறக்கும், அந்தச் சின்னத்தை அழுத்தினால் அது திறக்கும் என்பது கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொல்லும் பாடம். உள்ளே திறந்து காட்டக்கூடிய ஓர் இயங்குதளத்தைக் கொடுத்துவிட்டு, மூடியின் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்.

காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். மின்கலத்தை ஆராய்பவர் வோல்ட்மீட்டரைப் படிக்கத் தெரியாமல் ஒரு நாளும் ஓட்டமுடியாது. வேதியியலுக்கு அளவுமானி உண்டு, இயற்பியலுக்கு உண்டு. கணினி அறிவியல் செய்முறைத் தேர்வில் மட்டும் அளந்து பார்க்கும் வேலையே அநேகமாக இல்லை. ஒரு நிரலை அடி, விடையைக் காட்டு, மதிப்பெண் வாங்கு என்பதோடு சரி. "இந்தக் கணிப்பொறிக்குப் பத்து நொடியில் எத்தனை பைட்டுகள் வந்தன? பிழைகள் ஏறினவா? கேட்வேயின் முகவரியைக் கண்டுபிடித்து எழுது" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? ஒவ்வொரு மாணவருக்கும் விடை வேறாக வரும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதவும் முடியாது!

மறுப்புகள் வரும் என்று அறிவேன். "கறுப்புத் திரையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கணிப்பொறியைக் கெடுத்துவிடுவார்கள்" என்பது முதல் மறுப்பு. இந்த நெட் கோப்புகளைப் படிப்பதால் எதுவும் கெடாது. படிக்க மட்டுமே திறந்திருக்கும் கோப்புகள் இவை. '/ப்ராக்/சிஸ்' என்ற இன்னொரு பகுதியில் எழுதினால் கெர்னலின் நடத்தை மாறும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும், அதை ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். பேரேட்டைப் படிக்க விடுவதும் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. பள்ளியில் விண்டோஸ் மட்டும்தான் என்றால், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டைத் தொடவேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு: "இதையெல்லாம் படித்துச் சொல்லத் தனிக் கட்டளைகள் இருக்கின்றனவே, மூலக் கோப்பை ஏன் படிக்கவேண்டும்?" உண்மைதான். 'இஃப்கான்ஃபிக்', 'நெட்ஸ்டாட்' போன்ற பழைய கட்டளைகள் இந்தக் கோப்புகளைத்தான் படித்து அழகுபடுத்திக் காட்டின; அவற்றுக்குப் பின்வந்த 'ஐபி', 'எஸ்எஸ்' கட்டளைகள் கெர்னலோடு வேறு வழியில் பேசுகின்றன, பெரிய கணிப்பொறிகளில் அவை வேகமானவை. தொழில் செய்பவர் அவற்றையே பயன்படுத்தட்டும். கற்பவர் ஒருமுறையாவது மூலத்தைப் பார்க்கவேண்டும். கால்குலேட்டர் இருக்கிறதென்று வாய்ப்பாட்டை விட்டுவிட்டோமா?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 'டிசிபி' என்ற கோப்பைத் திறந்தால், இந்தக் கணிப்பொறி இப்போது எந்தெந்த முகவரிகளோடு பேசுகிறது என்ற பட்டியல் வரும். உதாரணமாக, 0100007எஃப்:0277 என்றும் நிலை 0ஏ என்றும் ஒரு வரி இருக்கலாம். நம் முறைப்படி படித்தால் 127.0.0.1, வாயில் எண் 2×256 + 7×16 + 7 = 631, நிலை 10. அதாவது அச்சுப்பொறிச் சேவை தன் வாயிலில் காத்துக்கொண்டிருக்கிறது. (வாயில் எண்ணை மட்டும் முன்னிருந்து படிக்கவேண்டும், கெர்னல் அதைத் திருப்பிப்போட்டே தருகிறது.) இதில் இரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அதே பட்டியலில் வெளி முகவரிகளும், எந்தப் பயனர் அந்த இணைப்பை வைத்திருக்கிறார் என்ற எண்ணும் உண்டு. என்ன பேசினார் என்று தெரியாது. யாரோடு பேசினார் என்று தெரியும். ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவர் மற்றவரை வேவு பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக் கைப்பேசியில் இது மெய்யாகவே நடந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பயனர் எண் கொடுக்கிறார்கள். ஆகவே விளக்கு எரியவைக்கும் அற்பச் செயலிகூட '/ப்ராக்/நெட்'டைப் படித்து, உங்கள் வங்கிச் செயலி எப்போது யாரோடு பேசுகிறது என்று கவனிக்க வழியிருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல் செயலிகளுக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியது சரி. ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது: "உங்கள் கைப்பேசி இப்போது இன்னின்னாரோடு பேசுகிறது" என்று அந்தக் கோப்புகளைப் படித்து உரிமையாளருக்கே காட்டிவந்த செயலிகளும் அவ்வழியை இழந்தன. வேலைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று பேரேட்டைப் பூட்டியபோது முதலாளிக்கும் அந்த வழி அடைபட்டது. செயலிக்குப் பூட்டும் உரிமையாளருக்குச் சாவியும் ஒருங்கே கொடுக்க இயலாத காரியமல்ல; ஆனால் அப்படிக் கேட்பவர் குறைவு.

கேட்பவர் ஏன் குறைவு? அப்படி ஒரு பேரேடு இருந்ததே பலருக்குத் தெரியாது. தெரியாததை யார் கேட்பார்? பள்ளி அறையில் நான்கைந்து எண்களைப் படித்துப் பழகிய பிள்ளை, நாளை ஒரு கருவியை வாங்கும்போது "இது தன் கணக்கை எனக்குக் காட்டுமா?" என்று கேட்கும். பள்ளிக் கணிப்பொறியில் மாணவர்கள் அனைவரும் ஒரே பயனர் பெயரில் நுழைவதால் 'டிசிபி' கோப்பை வகுப்பில் திறக்குமுன் ஆசிரியர், உலாவியில் தனிப்பட்ட எதுவும் திறந்தில்லை என்று பார்த்துக்கொள்ளட்டும். 'கேரியர்', 'டெவ்', 'ரூட்' ஆகிய மூன்றுக்கும் அந்தக் கவலைகூட இல்லை. அவற்றிலிருந்து தொடங்கலாம்.

இந்தக் கோப்புகள் எல்லாம் அறிந்தவை என்றும் நினைத்துவிடவேண்டாம். கெர்னலுக்குத் தன் வாசல்வரைதான் கணக்கு. பொட்டலம் வெளியே போனபின் அதற்கு என்ன ஆயிற்று என்பதை, பதில் வந்ததா இல்லையா என்பதைக் கொண்டே ஊகிக்கும். சில வலையட்டைகளின் இயக்கி நிரல்கள் பிழைகளைச் சரிவர எண்ணுவதுமில்லை. பிழைப் பத்தி 0 என்று சத்தியம் செய்யும், கம்பியோ அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் வேறொரு கம்பியை மாட்டி, அதே பத்து நொடிக் கணக்கை இன்னொருமுறை போடுங்கள். ஒரு தாளில் நேரத்தோடு எழுதி, கணிப்பொறி அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்தமுறை யாராவது "நெட் இல்லை, சார்" என்று சொல்லும்போது, நலமாயிருந்த நாளின் எண்கள் அங்கே இருக்கும்.